மாராவில் அப்பா பார்த்த யானைகள்

கென்யாவிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து வெள்ளவத்தையில் யாரைக் கண்டாலும் ஒரே கேள்விதான்: "சிங்கம் பார்த்தீங்களா?" பார்த்தோம். நிறையவே பார்த்தோம். ஆனால் மசாய் மாரா என்ற அந்த வனவிலங்குச் சரணாலயத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது யானை. அதுவும் எங்கள் இலங்கையிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கிற பிராணி. "யானை பார்க்கவா அவ்வளவு தூரம் போனீங்கள்?" என்று சின்னம்மா கேட்டார். ஆமாம் சின்னம்மா, அதற்காகவே போயிருந்தாலும் தகும்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை விளங்கப்படுத்த முடியாது. அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்தவர். முருங்கன், வவுனியா என்று சேவைக்காலத்தில் பெரும்பகுதி வன்னியிலேயே போனது. விடியற்காலையில் குளக்கட்டில் சைக்கிளில் போகும்போது முன்னால் யானை நின்றால் என்ன செய்வது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அவர் யானைகளைக் கண்டதெல்லாம் டோர்ச் வெளிச்சத்தில்தான், இல்லாவிட்டால் தகரம் தட்டுகிற சத்தத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவில். நெல் முற்றும் நேரம் அவை வரும், ஊர் திரண்டு துரத்தும். விடிந்ததும் மிதிபட்ட வயலைப் பார்த்துக் கணக்கெழுதுவார்கள். எழுபத்தைந்து வயதாகிவிட்டது, எங்கே போக ஆசை என்று கேட்டேன். காசி, திருவண்ணாமலை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஆபிரிக்கா" என்றார். அதற்கு மேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

பெப்ரவரியில் போவது என்று முடிவெடுத்ததற்கு முதல் காரணம் காசு. 2024 நடுப்பகுதியிலிருந்து மாராவுக்குள் நுழைய வெளிநாட்டவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 டொலர். அது ஜூலை முதல் டிசம்பர் வரை. ஜனவரி முதல் ஜூன் வரை 100 டொலர். அந்தக் கூடுதல் காசு எதற்கென்றால், மாடு போலிருக்கும் வில்டபீஸ்ட் மான்கள் லட்சக்கணக்கில் தன்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து புல்லைத் தேடி வடக்கே வந்து, முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றைக் கடப்பது அந்தக் காலத்தில்தான். பெப்ரவரியில் அவை தெற்கே செரெங்கெட்டியின் குட்டைப் புல்வெளியில் கன்று போட்டுக்கொண்டிருக்கும். ஆற்றைக் கடக்கும் காட்சி எங்களுக்குக் கிடைக்காது என்று தெரிந்துதான் போனோம். ஆனால் சிங்கம், யானை, சீட்டா, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் மாராவிலேயே வருடம் முழுவதும் இருப்பவை. வாகனங்களின் நெரிசலும் அப்போது குறைவு.

கொழும்பில் முதல் வேலை ஊசி. கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. ஆகவே திரும்பி வரும்போது இலங்கைக்குள் நுழையத் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். பொரளையில் எம்.ஆர்.ஐ. என்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போட்டார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஒருமுறை போட்டால் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். அறுபது வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் ஆபத்து சற்று அதிகம் என்பதால் அப்பாவை மட்டும் டொக்டர் தனியாக வைத்து நீண்ட நேரம் விசாரித்தார். மலேரியா மாத்திரை நாரஹேன்பிட்டியில், மலேரியா தடுப்பு இயக்கத்தின் அலுவலகத்தில் இலவசமாகவே தந்தார்கள். இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2016இல். போய் வருகிறவர்கள் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதில் அங்குள்ளவர்கள் காட்டுகிற கவனத்தைப் பார்க்க மனதுக்கு நிறைவாக இருந்தது. அப்புறம் இன்னொன்று: கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. அக்கா கட்டித் தந்த முறுக்கு, பயத்தம் பணியாரம் எல்லாம் ஷொப்பிங் பையிலிருந்து பிஸ்கட் டின்னுக்கு மாறின. நுவரெலியாவுக்கு எடுத்துப்போகிற ஸ்வெட்டர்களையும் மறக்காமல் வைத்தேன். மாரா கடல் மட்டத்திலிருந்து 1500 மீற்றருக்கு மேலே இருக்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் என்றாலும் காலை ஆறு மணிக்குப் பல் நடுங்கும்.

நைரோபியிலிருந்து மாராவுக்குத் தரைவழியாகப் போனோம். பெரும்பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் வண்டியை நிறுத்தி எல்லோரும் போல நாங்களும் படம் எடுத்தோம். நாரோக் நகரத்தில் தேநீர். பாலையும் தண்ணீரையும் தேயிலையையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள், தொட்டுச் சாப்பிடச் சப்பாத்தி. அப்பா இரண்டாவது கோப்பையும் கேட்டார். எங்களுடைய வழிகாட்டி அந்தப் பக்கத்து மசாய் இனத்தவர், வாகனத்தை ஓட்டியவரும் அவரே. முதல் நிமிடத்திலிருந்தே அப்பாவை "ம்ஸே" என்றுதான் அழைத்தார். பெரியவர்களை அங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அப்பா அவரைத் "தம்பி" என்றே கூப்பிட்டார். மற்றப்படி இரண்டு பேரும் பேசியது இங்கிலிஷில்.

வரிக்குதிரைகளையும் இம்பாலா மான்களையும் முதல் மணி நேரத்தில் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். பிறகு அவை இல்லாத பக்கமே இல்லை என்றாகிவிட்டது. ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிப்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முன்னங்கால் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டி, தலையைக் குனியப் போய், பயந்து நிமிர்ந்து, சுற்றிப் பார்த்து, மறுபடியும் அகட்டி... அது ஒரு வாய் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் நாங்கள் மூச்சுவிட மறந்திருந்தோம். அந்த நேரத்தில் சிங்கம் வந்தால் அதனால் உடனே எழுந்து ஓட முடியாது. அது அதற்கும் தெரியும்.

சரி, சிங்கம். ஒற்றை மரத்து நிழலில் பெண் சிங்கங்களும் குட்டிகளுமாக ஒரு கூட்டம் கிடந்தது. கிடந்தது என்பதுதான் சரி. சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை படுத்தே இருக்கும். வந்தவர்களில் பலர் படம் எடுத்துவிட்டு உடனே கிளம்பினார்கள். நாங்கள் இருந்தோம். வெயில் ஏற ஏற மரத்து நிழல் சுருங்கியது. ஒரு பெண் சிங்கம் எழுந்து, நேராக எங்களை நோக்கி நடந்து வந்து, லாண்ட் க்ரூசரின் நிழலில் என் பக்கத்துக் கதவுக்குக் கீழே விழுந்து படுத்துக்கொண்டது. கண்ணாடியை ஏற்றச் சொன்னார் வழிகாட்டி. கையை நீட்டாதீர்கள், எழும்பி நிற்காதீர்கள், சத்தமாகப் பேசாதீர்கள். வாகனத்தையும் உள்ளே இருப்பவர்களையும் அது ஒரே பொருளாகத்தான் காண்கிறது, அந்த உருவம் கலையாதவரைக்கும் பிரச்சினை இல்லை என்றார்.

அவ்வளவு கிட்டத்தில் பார்க்கும்போது சிங்கத்தின் கம்பீரம் என்று நாம் சொல்வதெல்லாம் பின்னுக்குப் போய்விடுகிறது. கண்ணோரத்தில் ஈ மொய்த்திருந்தது. மூக்குத்தண்டில் பழைய கீறல்கள், ஒன்றின் மேல் ஒன்று. காதின் பின்புறம் கறுப்பு. உள்ளங்கால் வெடித்திருந்தது. வயிறு முட்ட இறைச்சி தின்றிருந்தது போல, படுத்த பிறகும் வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. குட்டிகளில் இரண்டு பின்னாலேயே வந்து பால் குடிக்கத் தொடங்கின. அவை இதனுடைய குட்டிகளாக இருக்க வேண்டும் என்றில்லை, ஒரு கூட்டத்துப் பெண் சிங்கங்கள் ஒன்றுக்கொன்று குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் என்று வழிகாட்டி சொன்னார். அது ஒரு தடவை தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தது. என்னைப் பார்த்தது என்று சொல்லமாட்டேன். பார்வை என்னைக் கடந்து எங்கோ போனது.

எங்கள் நாட்டுக் கொடியில் வாளேந்திய சிங்கம் இருக்கிறது, காட்டில் இல்லை. குருவிட்டப் பக்கத்தில் கிடைத்த புதைபடிவப் பற்களை வைத்து, மிகப் பழைய காலத்தில் இங்கும் ஒரு சிங்க வகை வாழ்ந்தது என்று விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல 1939இல் எழுதினார். எனக்குத் தெரிந்த சிங்கமெல்லாம் தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் கம்பிக்குப் பின்னால் அங்குமிங்கும் நடந்தவைதான். அவை மனிதரைப் பார்த்துக்கொண்டே நடக்கும். மாராவில் கதவுக்குக் கீழே படுத்திருந்த சிங்கத்துக்கு நாங்கள் ஒரு நிழல், அவ்வளவுதான். அந்த அலட்சியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சீட்டாவைப் பற்றி எழுதும்போது சந்தோஷத்தோடு எழுத முடியவில்லை. ஒரு காலை, கறையான் புற்றின் மேல் ஒரு தாய் சீட்டா உட்கார்ந்திருந்தது. கீழே புல்லுக்குள் அதன் குட்டிகள், காது மட்டும் தெரிந்தது. கண்ணிலிருந்து வாய் வரை இறங்கும் அந்தக் கறுப்புக் கோட்டைத் தொலைநோக்கி இல்லாமலே பார்க்க முடிந்தது. தூரத்தில் தொம்சன் மான்கள் மேய்ந்தன. சிங்கமும் கழுதைப்புலியும் பெரும்பாலும் இரவில் வேட்டையாடும். சீட்டா பகலில் ஆடும், ஏனென்றால் அவற்றோடு மோத அதற்கு உடல்பலம் இல்லை. பிடித்ததைப் பறிகொடுத்துவிட்டுப் போவது அதற்கு வழக்கமான தலைவிதி. பகலில் வேட்டையாடுவதால் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. நாங்கள்.

எங்கள் வழிகாட்டி வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டார். தாய் கீழே இறங்கி, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டை எலும்பு மட்டும் ஏறி இறங்க நடக்கத் தொடங்கியது. அதற்குள் ரேடியோவில் செய்தி பரவிவிட்டது. வாகனங்கள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தன. ஓரிடத்தில் ஐந்து வாகனங்களுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது மாராவில் விதி. அதை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு வேன் பாதையை விட்டு இறங்கி, சீட்டாவுக்கும் மான்களுக்கும் நடுவில் போய் நின்றது. மான்கள் தலையைத் தூக்கின. ஓடின. தாய் அப்படியே நின்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து குட்டிகளுக்குப் பக்கத்தில் படுத்தது. அன்று காலை அந்தக் குட்டிகளுக்குச் சாப்பாடு இல்லை.

அப்பா கோபமாக ஏதோ சொன்னார். வழிகாட்டி தலையாட்டினார். இது ஏதோ எங்கள் கண்ணில் பட்ட ஒரு சம்பவம் என்று விட்டுவிடவும் முடியாது. மாராவில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வில், சுற்றுலா வாகனங்கள் குறைவான பகுதியில் ஒரு தாய் சீட்டா ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது, வாகனங்கள் மிக அதிகமான பகுதியில் வெறும் 0.2 என்று கண்டிருக்கிறார்கள். அதாவது ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி. சுட்டுக் கொல்ல வேண்டியதில்லை, நஞ்சு வைக்க வேண்டியதில்லை. கிட்டப் போய்ப் படம் எடுத்தே இவ்வளவும் நடந்திருக்கலாம்.

யால போனவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு சிறுத்தை மரத்தில் இருக்கிறது என்று போனில் செய்தி வந்ததும், முதலாம் வட்டாரத்து ஜீப்புகள் எல்லாம் ஒரே பாதையில் ஓடி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். சாரதிகளைத் திட்டுவது சுலபம். ஆனால் பின் சீற்றில் இருந்து "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கோ" என்று சொல்பவர்கள் நாங்கள்தான். கிட்டப் போனால் கூடுதலாகக் காசு கொடுப்பவர்களும் நாங்கள்தான். எங்கள் வழிகாட்டியிடம் அன்று மத்தியானமே சொல்லிவிட்டோம்: எங்களுக்கு எண்ணிக்கை வேண்டாம், சிறுத்தை, காண்டாமிருகம், எருமை என்று ஐந்து பெரிய மிருகங்களையும் காட்டி முடிக்க வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். எங்கே நீண்ட நேரம் இருக்கலாமோ அங்கே கூட்டிப் போங்கள். அவர் முகம் மலர்ந்தது. "ம்ஸேக்கு யானை பிடிக்குமா?" என்று கேட்டார்.

முசியாரா சதுப்பு நிலத்தை ஒட்டி ஒரு யானைக் கூட்டம் தண்ணீரை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் அவற்றிடம் போகவில்லை. அவை வரும் திசையைக் கவனித்து, வெகு முன்னால் போய், பாதையோரமாக ஒதுக்கி நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். "இனி அவைதான் முடிவெடுக்க வேண்டும்" என்றார். அப்பா விரலை எச்சிலில் நனைத்துக் கூரைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். வழிகாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். காற்று அவற்றின் பக்கமிருந்து எங்கள் பக்கம் அடித்தது. இரண்டு பேரும் அதை ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

முதலில் வந்தது மணம். சேறும் பச்சைப் புல்லும் சாணியும் கலந்த மணம். அதற்குப் பிறகு சத்தம், ஆனால் காலடிச் சத்தம் இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு நடப்பது கேட்கவே இல்லை. கேட்டது புல் பிடுங்கும் சத்தம். தும்பிக்கையால் ஒரு பிடி புல்லைச் சுற்றி வளைத்து, முன்னங்கால் நகத்தால் அடியில் ஓர் உதை, பிடுங்கியதை முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதிர்த்து, அப்புறம் வாய்க்குள். உதை, தட்டு, வாய். ஒவ்வொரு யானைக்கும் ஒரு வேகம். முன்னால் வந்த கிழத் தலைவிக்கு இடது காது கிழிந்திருந்தது. வலது தந்தம் இடதைவிடக் குட்டை, தேய்ந்து மழுங்கியிருந்தது. நமக்கு வலது கை, இடது கைப் பழக்கம் இருக்கிற மாதிரி யானைக்கும் ஒரு தந்தம்தான் வேலைக்கு.

அப்பா மெல்லிய குரலில் வித்தியாசங்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். முதுகு நடுவில் பள்ளமாக இருக்கிறது, எங்களுடையது மேடு. காது தோளை மூடுகிறது. பெண் யானைக்கும் தந்தம். இலங்கையில் ஆண் யானைகளிலேயே பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இருக்காது, அலியன்தான் அதிகம், கொம்பன் ஒன்றைக் கண்டால் ஊரே பேசும். தும்பிக்கை நுனியில் இரண்டு விரல்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. எங்கள் யானைக்கு மேலே ஒன்று மட்டும். காலடியில் எழும் பூச்சிகளைப் பிடிக்க வெள்ளைக் கொக்குகள் கூடவே நடந்தன. "உண்ணிக்கொக்கு" என்றார் அப்பா, சொந்தக்காரரைக் கண்டுவிட்ட குரலில். முருங்கன் வயலிலும் இதே மாதிரிக் கொக்குதான்.

கூட்டத்தில் ஒரு சின்னக் கன்று. தாயின் வயிற்றுக்கு அடியில் நிற்கிற உயரம். அதற்குத் தும்பிக்கையை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. தூக்கும், விழும், ஈரத் துணியைப் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசும், தானே மிதித்துக்கொள்ளும். தண்ணீரில் தும்பிக்கையை வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் முழங்காலில் குனிந்து வாயாலேயே குடித்தது. அதைச் சரியாகப் பழக அதற்கு மாதக்கணக்காகும். இருபத்திரண்டு மாதம் வயிற்றில் சுமந்து பெறுகிற ஒரே கன்று. அக்காமார் இரண்டு பேர் அதைத் தாண்டி ஒரு அடிகூடப் போகாமல் பக்கத்திலேயே நின்றார்கள். பின்னால் நின்ற ஒரு யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் ஈரமாக ஒரு கோடு வழிந்திருந்தது. ஆசிய யானையில் அது பெரும்பாலும் மதம் பிடித்த ஆணுக்கு வரும், இங்கே பெண்ணுக்கும் வரும். அப்பா அதைக் கண்டதும் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தார். நாற்பது வருடப் பழக்கம்.

தலைவி எங்களிடமிருந்து ஐந்தாறு அடியில் நின்றது. கண் இமை மயிர் நீளம், கீழ்நோக்கி வளைந்திருந்தது. தோலின் வெடிப்புகளில் சேறு காய்ந்து, அந்த வெடிப்புக்குள்ளே இன்னும் சின்ன வெடிப்புகள். அப்போது ஒரு உறுமல் கேட்டது. கேட்டது என்பதைவிட வண்டியின் கதவில் வைத்திருந்த என் கையில் உணர்ந்தேன். யானைகள் மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் பேசிக்கொள்கின்றன என்பது 1980களில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஒலி கிலோமீற்றர் கணக்கில் போகும். நாங்கள் கேட்டது அதன் மேல்நுனி மட்டும். உடனே எல்லா யானைகளும் மேய்வதை விட்டுவிட்டு அதன் பக்கம் திரும்பின. கென்யாவிலேயே அம்போசெலி என்ற இடத்தில் 1972இலிருந்து யானைக் குடும்பங்களை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துப் பின்தொடர்ந்து வருகிறார்கள். அங்கே சிங்கக் கர்ஜனையை ஒலிபரப்பிப் பார்த்ததில், வயது முதிர்ந்த தலைவி இருக்கிற குடும்பங்கள்தான் ஆண் சிங்கத்தின் குரலைக் கூர்மையாகப் பிரித்தறிந்து தற்காத்துக்கொண்டனவாம். இதை வழிகாட்டி சொன்னபோது அப்பா, "பின்ன?" என்றார்.

அந்தத் தந்தத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தபோது எனக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்தது. 2016 ஜனவரி 26, காலிமுகத்திடல். கென்யாவிலிருந்து டுபாய்க்குப் போகிற வழியில் 2012இல் கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்ட 359 தந்தங்களை அங்கே எல்லோர் கண்முன்னாலும் இயந்திரத்தில் போட்டு நொறுக்கினார்கள். ஒன்றரைத் தொன். நான் அப்போது கோட்டையில் வேலை, போய்ப் பார்த்தேன். சமயத் தலைவர்கள் வந்து அந்த யானைகளுக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். அன்று நான் பார்த்தது அடுக்கி வைக்கப்பட்ட வெளிறிய கொம்புகளை. பெரிதும் சிறிதுமாக. அவை எப்படி ஒரு முகத்தில் இருந்திருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. மாராவில் தந்தத்தின் அடியில் புல்லின் பச்சைச் சாயம் ஒட்டியிருந்தது, நுனியில் ஈர மண். அதை ஒரு யானை மண் கிளறவும் மரப்பட்டை உரிக்கவும் வாழ்நாள் முழுக்கப் பாவித்துத் தேய்த்திருந்தது. அதே 2016 ஏப்ரலில் கென்யா, நைரோபி தேசியப் பூங்காவில் 105 தொன் தந்தத்தைக் குவித்து எரித்தது. 105 தொன் என்றால் எத்தனை குடும்பங்கள் என்று அந்த ஒரு தலைவியைப் பார்த்தபடி நினைக்கும்போது நெஞ்சு அடைத்தது.

அப்பா வழிகாட்டியிடம் கேட்ட கேள்வி இது: "தம்பி, இதுகள் ஏன் எங்களைக் கண்டு பயப்படவில்லை? கோபமும் இல்லையே?" இங்கே வாகனத்தால் அவற்றுக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் ஊர்க் கதையைச் சொன்னார். சரணாலயத்துக்கு வெளியே சோளத் தோட்டங்கள் வந்துவிட்டன, வேலிகள் வந்துவிட்டன. அங்கே இதே யானைகள் இரவில் வரும், அவசர அவசரமாகத் தின்னும், விடிவதற்குள் ஓடிவிடும். அவருடைய ஊரார் தகரம் தட்டுகிறார்கள். டோர்ச் அடிக்கிறார்கள். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். அம்போசெலியில், மசாய் ஆண்கள் உடுத்திய துணியின் மணத்தை முகர்ந்தால் யானைகள் விலகி ஓடுகின்றன, பயிர் செய்கிற கம்பா இனத்தவரின் துணிக்கு அவ்வளவு பயப்படுவதில்லை என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஈட்டியோடு வருகிறவர்கள் யார் என்று அவற்றுக்குத் தெரியும். எங்கள் வன்னி யானைகளுக்கும் எங்களைப் பற்றி அப்படி ஒரு கணக்கு இருக்கும். 2011இல் எடுத்த கணக்கெடுப்பில் இலங்கையில் 5879 யானைகள். இப்போது வருடத்துக்கு முன்னூறுக்கு மேல் சாகின்றன. துப்பாக்கியில், மின்கம்பியில், பழத்துக்குள் ஒளித்து வைக்கிற ஹக்கபட்டாஸ் வெடியில் வாய் கிழிந்து. பல ஊர்களில் மனிதர்களும் சாகிறார்கள். அப்பா வேலை செய்த காலத்தில் தன் குளக்கட்டிலேயே ஒரு காவல்காரரை இழந்தவர். ஆகவே இதைப் பற்றி அவர் ஒருபோதும் வெறும் பாசமாகப் பேசுவதில்லை.

கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு, வண்டியின் இரண்டு பக்கமும் பிரிந்து, தண்ணீருக்குப் போனது. கன்று மட்டும் ஒரு தடவை நின்று, காதை விரித்து, எங்கள் முன் சில்லைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் தாயிடம் ஓடியது. வெகு நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அப்பா சொன்னார்: "இவ்வளவு காலமும் நான் யானையின்ர முதுகைத்தான் பார்த்திருக்கிறன், பிள்ளை. ஓடுற முதுகு." இருட்டும்வரை அங்கேயே இருந்தோம். அன்று வேறு எதையும் தேடிப் போகவில்லை. ரேடியோவில் எங்கோ சிறுத்தை என்று சொன்னார்கள். எங்கள் மூவருக்கும் அந்தப் பக்கம் போக மனமில்லை.

இரவில் கூடாரத்தில் படுத்தால் ஆற்றிலிருந்து நீர்யானைகளின் உறுமல், கழுதைப்புலிகளின் ஊளை. நீர்யானை பகலெல்லாம் தண்ணீருக்குள் கிடந்துவிட்டு இரவில்தான் கரையேறி மேய வரும். ஆகவே காவல்காரர் இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போகக் கூடாது. சிங்கம் கர்ஜித்தால் எட்டுக் கிலோமீற்றர் வரை கேட்குமாம். விடியும் முன் ஒரு தடவை கேட்டது. அப்பா இருட்டில், "தூரத்தில்தான்" என்றார். நான் கேட்காமலே.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். போகலாம். நைரோபியிலிருந்து தரைவழி முதுகுக்குக் கஷ்டம், காசு இருந்தால் சிறிய விமானத்தில் போவது நல்லது. வாகனத்தை மற்றக் குழுக்களோடு பகிராமல் தனியாக எடுங்கள், நினைத்த இடத்தில் நினைத்த நேரம் நிற்க அது ஒன்றுதான் வழி. ஆளுக்கொரு தொலைநோக்கி வேண்டும், ஒன்றை மாற்றி மாற்றிப் பார்ப்பது சரிவராது. மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை, கறுப்பு மண்ணில் சில்லுகள் புதையும், தவிர்த்துவிடுங்கள். வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், தூரத்தில் நிறுத்தினால் கோபிக்கமாட்டோம், சன்மானமும் குறையாது என்று. அதைச் சொல்லாமல் அவர்களாக அப்படிச் செய்ய மாட்டார்கள், அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது.

அப்பாவுக்கு இப்போது மின்னேரியா போக வேண்டுமாம். ஓகஸ்ட், செப்டெம்பரில் குளத்து நீர் இறங்கிப் புல் முளைக்கும்போது நூற்றுக்கணக்கில் யானைகள் கூடுகிற இடம். ஹபரணையில் ஒரு ஜீப்காரரோடு போனில் பேசிவிட்டேன். பின்னேரம் முழுவதற்கும் வழக்கமான காசு, ஒரே இடத்தில், எஞ்சினை நிறுத்தி. முதலில் அவருக்கு விளங்கவில்லை, இரண்டு தடவை கேட்டார். பிறகு, "வாங்க, எனக்கு ஒரு நல்ல இடம் தெரியும்" என்றார்.